வைக்கோலும் உமியும்: வெப்பம் தடுத்த கழிபொருட்களின் வரலாறு

நாகரிகங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பளிங்கையும் பொன்னையும் பற்றியே எழுதுகின்றனர். அல்ஹம்ராவின் சுதை வேலைப்பாடு, இஸ்ஃபஹானின் நீல ஓடுகள், ஆக்ராவின் வெண்பளிங்கு ஆகியவை குறித்து நூல்கள் பல உள்ளன. ஆனால் அந்நகரங்களில் வாழ்ந்த எளிய மக்கள் கோடையின் கொடுமையிலிருந்து தம்மை எவ்வாறு காத்துக்கொண்டனர் என்று கேட்டால் அந்நூல்களில் விடை கிடைப்பது அரிது. அவ்விடை அரண்மனைக்கு வெளியே, களத்துமேட்டில் கிடக்கிறது. தானியத்தை அள்ளிய பின் எஞ்சும் வைக்கோல், நெல்லைக் குத்திய பின் பறக்கும் உமி, அடுப்பில் மிஞ்சும் சாம்பல், ஆட்டின் உதிர்ந்த மயிர் ஆகிய இவையே பல நூற்றாண்டுகளாக மனிதனுக்கும் வெயிலுக்கும் இடையே சுவராக நின்றன.

இன்று மேலை நாடுகளில் இயற்கைக் கழிவுகளைக் கொண்டு வெப்பக் காப்புப் பலகைகள் தயாரிப்பதைப் புதுமையான முயற்சி என்று போற்றுகின்றனர். முயற்சி போற்றுதற்குரியதே. ஆயினும் இது புதுமையன்று. இடையில் மறக்கப்பட்ட ஒரு பழைய அறிவு. அது எங்கே விளைந்தது, எவ்வாறு மறக்கப்பட்டது, இன்று அதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றைச் சிறைப்படுத்தும் கலை

முதலில் இதன் அடிப்படையைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். வெப்பம் கடத்துவதில் அசையாத காற்று மிகவும் மந்தமானது. ஒரு பொருள் வெப்பத்தைக் கடத்தும் திறனை அறிவியலார் எண்ணால் குறிக்கின்றனர். அசையாத காற்றுக்கு அது ஏறத்தாழ 0.025, தக்கைக்கும் காகித நாருக்கும் 0.04 அளவில் உள்ளது. வைக்கோல் கட்டுக்கு 0.05 முதல் 0.07 வரை, கான்கிரீட்டுக்கோ 1-க்கும் மேல். வைக்கோலின் உட்குழலும் உமியின் குவிந்த வடிவும் எண்ணற்ற சிறு காற்றுப் பைகளைப் பிடித்து வைக்கின்றன. வெப்பத்தைத் தடுப்பது உண்மையில் அந்தச் சிறைப்பட்ட காற்றே. வைக்கோல் அதற்குக் காவலாளி மட்டுமே.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். தடித்த மண்சுவர் வெப்பத்தை முற்றாகத் தடுப்பதில்லை, அதைத் தாமதப்படுத்துகிறது. பகலில் வாங்கிய வெயிலை அது இரவில்தான் உள்ளே விடுகிறது. வைக்கோலும் உமியும் வெப்பத்தின் வழியையே அடைக்கின்றன. மண்ணையும் வைக்கோலையும் பிசைந்த பழைய கொத்தர்கள், இவ்விரு குணங்களையும் ஒரே சுவரில் சேர்த்தனர். இந்த வேறுபாட்டைச் சமன்பாடாக அவர்கள் எழுதி வைக்கவில்லை; கையால் அறிந்திருந்தனர்.

பாக்தாதின் கோடை

இராக்கின் கோடை கலீஃபாக்களையும் விட்டுவைக்கவில்லை. ஸாஸானிய அரசர்கள் கோடையில் தாம் பகலுறங்கும் அறையின் கூரையை நாள்தோறும் ஈரக் களிமண்ணால் பூசச் செய்ததையும், நாணல்களையும் பனிக்கட்டிகளையும் சூழ வைத்துக்கொண்டதையும் நைசாபூரைச் சேர்ந்த அறிஞர் ஸஆலிபீ (961–1038) பதிவு செய்துள்ளார். அப்பாஸியக் கலீஃபா அல்மன்சூரின் காலத்தில் ஈரமாக்கிய முரட்டுத் துணியைத் தொங்கவிட்டு அறையைக் குளிர்விக்கும் முறை வழக்கத்திற்கு வந்தது. அவருடைய மகன் அல்மஹ்தீ ஹிஜ்ரி 160-இல் (கி.பி. 777) ஹஜ்ஜுக்குச் சென்றபோது அவருக்காகப் பனிக்கட்டி மக்காவரை கொண்டுவரப்பட்டது என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். மக்காவுக்குப் பனிக்கட்டி தருவிக்கப்பெற்ற முதல் கலீஃபா அவரே. பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவுக்கு வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரு, ஃபாத்திமீ அரண்மனையின் பானச் சாலைக்கு நாள்தோறும் பதினான்கு ஒட்டகச் சுமைப் பனி வந்ததைக் குறிப்பிடுகிறார்.

இவையெல்லாம் அரசர்களின் செய்திகள். எனினும் இவற்றுக்குள் ஒரு கைவினை மறைந்திருக்கிறது. பாலைவனத்தின் நடுவே பல நாள் பயணம் செய்யும் பனிக்கட்டி கரைந்து போகாமல் இருக்க வேண்டுமானால், வெப்பத்தை வெளியே நிறுத்தத் தெரிந்த ஒருவர் இருந்தாக வேண்டும். அந்தக் கைவினை அரண்மனையை விட்டு நகர மக்களின் கைக்கு வந்த இடத்தை நாம் ஈரானில் காண்கிறோம்.

யக்சால்: பனியைச் சேமித்த மண் கூம்பு

பாரசீக மொழியில் ‘யக்’ என்றால் பனிக்கட்டி. ‘சால்’ என்றால் குழி. யஸ்த், மேபோத், அபர்கூ, கெர்மான் முதலிய ஊர்களில் பெரிய மண் கூம்புகளாக இன்றும் நிற்கும் யக்சால்கள் பனிக்கட்டியை விளைவித்துச் சேமித்த நிலையங்களாகும். மேபோதில் உள்ளது ஸஃபவீ காலத்தது. வணிகர் தங்கும் பழைய சத்திரத்தின் அருகே நிற்கிறது.

அது இயங்கிய முறை வியப்புக்குரியது. கூம்புக்கு அருகே கிழக்கு மேற்காக ஓர் உயரமான சுவர் எழுப்பப்படும். குளிர்காலத்தில் தெற்கே தாழ்ந்து செல்லும் சூரியனின் ஒளி, அச்சுவரின் வடபுறம் உள்ள ஆழமற்ற நீர்த் தொட்டிகளின்மேல் விழாது. இரவில் மேகமற்ற பாலைவன வானத்தை நோக்கி நீர் தன் வெப்பத்தைக் கதிராக வெளியிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து உறையும். உறைந்த பனியின்மேல் மீண்டும் நீர் பாய்ச்சி, அடுக்கடுக்காக வளர்த்து, பின் உடைத்துக் குழிக்குள் இடுவர். பதினேழாம் நூற்றாண்டில் இஸ்ஃபஹானில் வாழ்ந்த பிரெஞ்சுப் பயணி ஷார்தன் இப்பணியை நேரில் கண்டு எழுதியுள்ளார்.

விளைவித்த பனியைக் கோடைவரை காப்பது அடுத்த வேலை. அங்கேதான் கழிபொருட்கள் வருகின்றன. பனிக்கட்டிகளின் இடையிலும் மேலும் வைக்கோல் பரப்பப்பட்டது. குழியைப் பூச ‘ஸாரூஜ்’ என்னும் கலவை பயன்பட்டது: களிமண், மணல், சுண்ணாம்பு, சாம்பல், ஆட்டு மயிர், முட்டையின் வெண்கரு. இவற்றுள் சாம்பல் அடுப்பின் கழிவு. மயிர் தோல் பதனிடுவோரின் கழிவு. இக்கலவை நீரையும் உள்ளே விடாது. மேலே எழும் மண் கூம்பின் அடிச்சுவர் இரண்டு மீட்டர் அளவுக்குத் தடித்திருக்கும். வெளிப்பூச்சு ‘காஹ்கில்’, அதாவது ‘காஹ்’ என்னும் வைக்கோலும் ‘கில்’ என்னும் மண்ணும் சேர்ந்தது. கரையும் நீர் தேங்கினால் மீதிப் பனியும் விரைவில் கெடும் என்பதால், அதை வடிக்கவும் அடியில் வழி செய்திருந்தனர்.

இந்தப் பனி கடைத்தெருவிலும் விற்கப்பட்டது. சேமியா போன்ற இழைகளைப் பனியோடும் பழச்சாற்றோடும் சேர்த்துச் செய்யும் ‘ஃபாலூதே’ என்ற ஈரானியத் தின்பண்டம் இப்படித்தான் பொதுமக்களுக்கு எட்டியது. ரமழான் இரவுகளில் நம் கடைத்தெருக்களில் நாம் அருந்தும் ஃபலூதாவின் முன்னோடி அதுவே. அந்தக் கண்ணாடிக் குவளைக்குப் பின்னால் களத்துமேட்டு வைக்கோல் இருந்ததை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

காஹ்கில் பூச்சு யக்சாலுக்கு மட்டும் உரியதன்று. 2017-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட யஸ்த் பழநகரின் வீட்டுச் சுவர்களும் கூரைகளும் அதனாலேயே பூசப்பட்டவை. மண்ணையும் வைக்கோலையும் நீரில் ஊறவைத்துக் காலால் மிதித்துப் புளிக்கவிட்ட பிறகே பூசுவர். மழையில் தேயும், ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகப் பூச வேண்டும்.

ஜென்னேயின் உமி

ஈரானில் வைக்கோல் செய்த பணியை மேற்கு ஆப்பிரிக்காவில் உமி செய்தது. மாலி நாட்டில் நைஜர் ஆற்றின் உள்நாட்டு வெள்ளச் சமவெளியில் உள்ள ஜென்னே நகரம், சஹாரா வணிகத்தாலும் மார்க்கக் கல்வியாலும் புகழ்பெற்றது. அங்குள்ள பெரிய பள்ளிவாசல், பழைய பள்ளி நின்ற இடத்தில் 1907-இல் எழுப்பப்பட்டது. உலகிலேயே மிகப் பெரிய மண் கட்டடங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. ஜென்னேயின் பழைய நகரங்கள் 1988-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

அந்தச் சமவெளியில் நெல் விளைகிறது. ஆற்று மண்ணோடு உமியைக் கலந்து, வாரக்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, மழைக்காலத்திற்கு முன் ஊரே திரண்டு பள்ளிவாசலுக்குப் பூசுகிறது. இளைஞர்கள் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கழிகளைப் பற்றி ஏறுகின்றனர். பெண்கள் நீர் சுமக்கின்றனர். கொத்தர் சங்கத்தின் மூத்தோர் மேற்பார்வை செய்கின்றனர். மண் காய்ந்து வெடிக்காமல் பிடித்து வைப்பதே உமியின் முதற்பணி. பூச்சை இலகுவாக்கி வெப்பம் கடத்துவதைக் குறைப்பது அதன் இரண்டாம் பணி. பராமரிப்பு என்பதை ஜென்னே மக்கள் ஒரு சுமையாக எண்ணாமல் விழாவாக ஆக்கிக்கொண்டனர். அக்கட்டடம் நூறாண்டைக் கடந்து நிற்பதன் இரகசியம் அதுவே.

மரத்தூளில் பயணம் செய்த பனி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே அறிவு பெருவணிகமாக மாறியது. பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர் 1806 முதல் நியூ இங்கிலாந்து ஏரிகளின் பனிக்கட்டியைக் கரீபியத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்தார். தொடக்கத்தில் கரைந்து போனதே அதிகம். வைக்கோல், உமி, தோல் பதனிட்ட மரப்பட்டை எனப் பலவும் பயன்பட்டன. இறுதியில் வெற்றி தந்தது மரத்தூள். மெய்ன் பகுதியின் மர அறுவை ஆலைகள் அதுவரை தூளை ஆற்றில் கொட்டி வந்தன. யாரும் வேண்டாத அப்பொருள் இப்போது விலைக்குப் போனது.

1833 மே மாதம் 180 டன் பனிக்கட்டியோடு ‘டஸ்கனி’ என்ற கப்பல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்களுக்குப் பின் அது சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. அந்த வணிகத்தின் சாட்சி நம் கண்ணெதிரேயே நிற்கிறது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட ‘ஐஸ் ஹவுஸ்’ இந்த அமெரிக்கப் பனியைச் சேமிக்கவே எழுந்தது. நீராவி இயந்திரங்கள் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வணிகம் மறைந்தது; கட்டடம் கைமாறியது; 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பகுதியின் பெயரில் மட்டும் பனி உறைந்து கிடக்கிறது.

ஆலைக்குள் நுழைந்த கழிவு

அதன்பின் கழிபொருள் வெப்பக் காப்பு ஆலைத் தொழிலாயிற்று. 1890களில் அமெரிக்காவில் கடற்புல்லை உலர்த்தித் தாள்களுக்கிடையே தைத்து மெத்தைபோல் சுவருக்குள் வைத்தனர். அதே காலத்தில் தக்கைத் துகள்களைச் சூடாக்கி அழுத்தினால் தன் பிசினாலேயே ஒட்டிக்கொள்ளும் என்பது கண்டறியப்பட்டது. போர்த்துக்கல், ஸ்பெயின் மட்டுமின்றி மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா ஆகிய நாடுகளின் தக்கைக் காடுகளும் உலகின் குளிர்பதனக் கிடங்குகளுக்குப் பொருள் தந்தன. 1920களில் லூசியானாவின் கரும்பாலைச் சக்கையைக் கொண்டு ‘செலோடெக்ஸ்’ பலகைகள் தயாரிக்கப்பட்டன.

பின்னர் எண்ணெய் யுகம் வந்தது. கல்நாரும் பெட்ரோலியத்திலிருந்து செய்த நுரைப் பலகைகளும் சந்தையைக் கைப்பற்றின. அவை மலிவானவை, மட்காதவை, அளவு பிசகாதவை. இவற்றின் விலையை உலகம் பின்னரே கொடுத்தது. கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை உறுதி செய்துள்ளது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துள்ளன. நுரைப் பலகைகளை ஊதப் பயன்பட்ட வாயுக்கள் ஓசோன் படலத்தை அரித்ததால் 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை தேவைப்பட்டது. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேரைப் பலிகொண்ட தீ, சுவருக்கு வெளியே பொருத்திய பிளாஸ்டிக் உள்ளீடு கொண்ட தகடுகளிலும் நுரைக் காப்பிலும் பரவியது. அது ரமழான் மாதம். விழித்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல, அண்டை வீட்டாரை எழுப்பின. இறந்தவர்களுள்ளும் முஸ்லிம்கள் பலர்.

ஹஸன் ஃபத்ஹியின் வெற்றியும் தோல்வியும்

கான்கிரீட்டே முன்னேற்றம் என்று உலகம் நம்பிய காலத்தில் அதை எதிர்த்து வாதிட்டவர் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி (1900–1989). 1941-இல் அஸ்வான் அருகே நூபிய கொத்தர்கள் மரச்சட்டம் இன்றியே மண்கல்லால் வளைகூரை எழுப்புவதைக் கண்டு அவர்களைத் தம் ஆசான்களாக ஏற்றார். 1946-இல் லக்ஸரின் மேற்குக் கரையில், ஏறத்தாழ 7,000 மக்களைக் குடியமர்த்தப் புதிய குர்னா என்ற ஊரை மண்ணும் மணலும் வைக்கோலும் சேர்ந்த கற்களால் கட்டத் தொடங்கினார்.

அவர் உணர்ச்சியால் மட்டும் பேசவில்லை. 1964 மார்ச்சில் கெய்ரோவில் வெவ்வேறு பொருட்களால் கட்டிய மாதிரி அறைகளில் வெப்பம் அளக்கப்பட்டது. மண்கல் சுவரும் மண்கல் வளைகூரையும் கொண்ட அறையில் இருபத்துநான்கு மணி நேரத்தில் வெப்பநிலை 2 பாகைக்கு மேல் மாறவில்லை. 21-க்கும் 23-க்கும் இடையே நின்றது. ஆயத்தக் கான்கிரீட் பலகைகளால் ஆன அறை 36 பாகையைத் தொட்டது. அது வெளியே இருந்த காற்றைவிட 9 பாகை அதிகம். நிழலுக்காகக் கட்டிய வீடு வெயிலைவிடச் சுட்டது என்பதே இதன் பொருள்.

ஆயினும் புதிய குர்னா தோற்றது. பழைய குர்னாவின் கல்லறைகளை ஒட்டியே பிழைப்பு நடத்திய மக்கள் இடம்பெயர மறுத்தனர், அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை, சில ஆண்டுகளில் பணி நின்றது. பின்னாளில் நிலத்தடி நீரும் உப்பும் சுவர்களை அரித்தன. தம் தோல்வியை மறைக்காமல் அவரே எழுதிய நூல் 1969-இல் கெய்ரோவிலும் 1973-இல் சிகாகோவிலும் வெளிவந்து உலகெங்கும் பயிலப்பட்டது. 1980-இல் ஆகா கான் கட்டடக் கலை விருதுக் குழு அவரைச் சிறப்பித்தது. அந்தத் தோல்வியிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பொருள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதில் வாழப்போகிறவர் அதை விரும்ப வேண்டும். பராமரிக்க ஆள் வேண்டும். ஜென்னேயில் இருந்த ஊர்க்கூட்டம் குர்னாவில் இல்லை.

நம் முன் நிற்கும் கேள்வி

இந்த வரலாறு நமக்கு என்ன சொல்கிறது? பழமையை அப்படியே திரும்பக் கொண்டுவா என்று சொல்வதாக நாம் கருதவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. அந்த ஆணை நியாயமானது; அதை மறந்து ஓலையின் குளிர்ச்சியைப் பாடுவது பொறுப்பற்ற செயல்.

ஆனால் அகற்றிய இடத்தில் எதை வைத்தோம்? நாம் சென்று பார்த்த ஒரு சிற்றூர் மக்தபில், கீற்று இருந்த இடத்தில் தகரம் இருந்தது. சித்திரை மாத அஸருக்குப் பின்னும் பிள்ளைகள் ஓதிக்கொண்டே சட்டை நுனியால் முகம் துடைத்துக்கொண்டிருந்தனர். ஆசிரியர் அவர்களை வேப்ப மரத்தடிக்கு அனுப்பிவிட்டே எம்மிடம் பேச வந்தார். ஏழைகளின் வீடுகள் பலவற்றின் நிலையும் இதுவே. ஆஸ்பெஸ்டாஸ் தகடு தீப்பிடிக்காது. ஆனால் வெயிலைத் தடுக்கவும் செய்யாது. நம் நாட்டில் அது இன்னும் விற்பனையில் இருக்கிறது.

நாம் மேலே கண்ட வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் ஒரு பொதுவிதி தென்படுகிறது. நீடித்து நின்ற இடங்களில் கழிபொருள் வெளியே திறந்து கிடக்கவில்லை. யஸ்தில் அது மண்ணுக்குள் புதைந்திருந்தது. யக்சாலில் தடித்த கூம்புக்குள் இருந்தது. பனி வணிகரின் கிடங்குகளில் இரு சுவர்களுக்கு இடையே அடைபட்டிருந்தது. மண்ணாலோ சுண்ணாம்பாலோ மூடப்பட்ட வைக்கோலுக்குள் தீக்கு வேண்டிய காற்று எளிதில் புகாது. கீற்றுக் கூரைக்கும் காஹ்கில் சுவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஈரம் ஏறவிடாமை, திறந்து கிடக்கவிடாமை, காலந்தவறாமல் புதுப்பித்தல் என்ற மூன்றும் பழையோர் கடைப்பிடித்த ஒழுங்குகள். இவற்றுள் ஒன்று தவறினாலும் பூஞ்சையோ கரையானோ தீயோ மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

எந்தப் பொருளைத் தேர்வது என்பதிலும் நிதானம் வேண்டும். நம் ஊரில் வைக்கோல் மாட்டுக்குத் தீவனம். அதைக் கழிவு என்று சொல்ல முடியாது. உமியின் நிலை வேறு. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அதில் மணற்சத்து மிகுதி என்பதால் எளிதில் மட்காது, கொழுந்துவிட்டும் எரியாது. மாடு உண்ண விரும்பாத அப்பண்பே கட்டடத்துக்கு அதை உகந்ததாக்குகிறது. தென்னை நார்க் கழிவு, கரும்புச் சக்கை, பழைய செய்தித்தாள் ஆகியவையும் உள்ளன. தாளை நாராக்கி போராக்ஸ் உப்புச் சேர்த்துச் சுவரிலும் கூரையிலும் நிரப்பும் முறை மேலை நாடுகளில் பல ஆண்டுகளாக நிலைபெற்றது; அவ்வுப்பு தீயையும் பூச்சியையும் தடுக்கிறது. 2005 அக்டோபர் நிலநடுக்கத்துக்குப் பின் வட பாகிஸ்தானின் மலைப்பகுதியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி மண்பூசிக் கட்டிய வீடுகள், வெப்பக் காப்பு குளிருக்கும் உதவும் என்பதைக் காட்டின.

ஹிஜ்ரி முதலாம் ஆண்டில் மதீனாவில் எழுந்த மஸ்ஜிதுந் நபவீ வெயிலில் உலர்ந்த மண்கல் சுவரும், பேரீச்ச அடிமரத் தூண்களும், பேரீச்ச மட்டைக் கூரையும் கொண்டது. கையில் கிடைத்ததைக் கொண்டு அந்த முதல் தலைமுறை நிழல் அமைத்துக்கொண்டது. அதை ஏழ்மை என்று அவர்கள் வெட்கப்பட்டதாக வரலாறு சொல்லவில்லை. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், நம் பள்ளிவாசல்களின் மினாராக்களை உயர்த்துவதில் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியையேனும், மக்தப் பிள்ளைகளின் தலைக்கு மேலுள்ள தகரத்தின்பால் காட்டலாம். தகரத்துக்குக் கீழே ஓர் இடைவெளி விட்டு, உமி நிரப்பி, தீப்பிடிக்காத பலகையால் மூடுவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. அந்த உமி அடுத்த தெரு அரவை ஆலையின் பின்புறத்தில் குவிந்து கிடக்கிறது.